குடையும் கைத்தடியும்

மழையைப் பற்றிப் பேசுவதற்கு உறையூர்வாசிகளுக்கு ஒரு தனிப் பாத்தியதை உண்டு. மற்ற ஊர்களில் மழை என்றால் தண்ணீர் விழும். எங்கள் ஊரிலோ ஒரு காலத்தில் மண்ணே மழையாக விழுந்தது என்று ஸ்தல புராணம் சொல்லுகிறது. சாரமா முனிவர் என்பவர் மலைக்கோட்டை ஸ்வாமிக்கென்று செவ்வந்தி நந்தவனம் ஒன்று வைத்திருந்தார். அந்தப் பூக்களை ஒருவன் களவாடி உறையூர் அரசனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தான். முனிவர் அரசனிடம் முறையிட்டார். அரசன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அவர் ஆண்டவனிடமே முறையிட, அதுவரையில் கிழக்கே பார்த்திருந்த தாயுமானவர் மேற்கே உறையூரைப் பார்த்துத் திரும்பினாராம். மண்மாரி பொழிந்து ஊர் மூடிப்போயிற்று. இன்றைக்கும் தாயுமானவர் மேற்கு நோக்கியே எழுந்தருளியிருக்கிறார். வீடிழந்து நின்ற ஜனங்களுக்கு அடைக்கலம் தந்தவள் வெக்காளியம்மன். ஊரார் அனைவருக்கும் வீடு அமையும் வரையில் தனக்கும் கூரை வேண்டாம் என்று அம்மன் இருந்துவிட்டதாக ஐதிகம். வெயிலானாலும் மழையானாலும் அவளுடைய கருவறைக்கு ஆகாயந்தான் விமானம்.

இப்படி ஆகாயத்தோடு நேர் உறவு கொண்டாடும் ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறப் புறப்படும் கோஷ்டி ஒன்று உண்டு. அதில் அடியேனும் ஒருவன். சங்கம் என்று சொன்னால் அது பெரிய வார்த்தை. சந்தா இல்லை, காரியதரிசி இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கைத்தறி நெய்யும் நண்பர் ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியைகள் இருவர், ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேரும் மாமி ஒருவர், கல்லூரி மாணவர்கள் சிலர், இவர்களோடு பரீட்சைக் காலத்துக்கு ஏற்றபடி கூடியும் குறைந்தும் வருகிற குழந்தைகள். ஆக மொத்தம் பத்துப் பதினைந்து பேர். பெரியவர்தாம் வழிகாட்டி. அவரிடம் ஒரு கைத்தடியும் ஒரு கறுப்புக் குடையும் உண்டு. மழைக்கும் வெயிலுக்கும் அதே குடைதான். இடியோசை கேட்டால் மாத்திரம் அதை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடுவார். அதன் காரணம் பின்னால் வருகிறது.

"திருச்சிராப்பள்ளிச் சீமையில் மலைக்கு எங்கே போவது?" என்று கேட்பவர்கள் உண்டு. நகரத்தின் நடுவிலேயே 273 அடி உயரத்துக்கு ஒரு பாறை நின்று அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. கிழக்கே திருவெறும்பூரில் எறும்பீசர் குன்று. மேற்கே, உறையூருக்கு வெகு அருகில், கால்வாய்க்குப் பக்கத்தில் உய்யக்கொண்டான் திருமலை. தெற்கே விராலிமலை, நார்த்தாமலை, சித்தன்னவாசல். காவேரியோடு மேற்கே சென்றால் குளித்தலைக்கருகில் அய்யர்மலை. அக்கரையில் முசிறிப் பக்கம் திருஈங்கோய்மலை. வடக்கே எட்டிப் பார்த்தால் நீலநிறத்தில் பச்சைமலையும் கொல்லிமலையும். இவற்றில் சில புதுக்கோட்டை, கரூர், நாமக்கல் ஜில்லாக்களைச் சேர்ந்தவை என்று எல்லைக்கல் சொல்லும். நடக்கிற கால்களுக்கு அந்தக் கணக்கு எதற்கு?

ஆகவே மலைகளுக்குக் குறைவில்லை. எந்த மலைக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்பதை நாங்கள் தீர்மானிப்பதுமில்லை. அதை ஆகாயமே தீர்மானிக்கிறது. சனிக்கிழமை மாலையில் வானிலை நிலையத்தார் வெளியிடும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுப் பெரியவர் இரண்டு வரி செய்தி அனுப்புவார். அதில் ஒரு மலையின் பெயர் இருக்கும்; அதற்குக் கீழே, "இல்லையேல்" என்று போட்டு, இன்னொரு மலையின் பெயர் இருக்கும். பெரும்பாலும் அந்த "இல்லையேல்"தான் நடந்தேறும். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதே.

மோசமான வானிலை என்றதும் வெளியூரார் மழையை நினைப்பார்கள். எங்களுக்கு முதல் விரோதி வெயில். மாசி பிறந்தது முதல் ஆடி வரையில், சூரியன் எழுந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டால், மொட்டைப் பாறையில் கால் வைக்க இயலாது. மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. வெயில் தாழ்ந்த பிறகு மாலையில் ஏறலாமே என்று புதிதாக வந்தவர்கள் யோசனை சொல்லுவார்கள். பாறையின் குணம் தெரியாமல் சொல்லும் யோசனை அது. பகல் முழுவதும் குடித்த சூட்டைக் கருங்கல் அந்தியில்தான் கக்கத் தொடங்கும். இரவு வெகு நேரம் கக்கிக்கொண்டேயிருக்கும். பாறை மிகவும் குளிர்ந்திருப்பது விடியலுக்குச் சற்று முன்னால். ஆகவே கோடையில் நாங்கள் கூடுவது நாலரை மணிக்கு. காலைப் பலகாரத்துக்குள் இறங்கிவிடுவோம். அதுவும் நெடுந்தூரம் கிடையாது. மலைக்கோட்டைப் படிகளில் பெரும்பகுதி கூரைக்கடியிலேயே போகிறது. உச்சிப்பிள்ளையாரை நெருங்கும்போதுதான் ஆகாயத்தைப் பார்க்கிறோம். வெயில் நாளுக்கென்றே யாரோ செய்துவைத்த மலை போல் இருக்கிறது.

மதுரையில் 'பசுமை நடை' என்ற குழுவினரும் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையிலேயே கூடுகிறார்கள். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010-ல் ஆரம்பித்துவைத்தது. யானைமலை, சமணர் மலை, அரிட்டாபட்டி என்று மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கெல்லாம் குடும்பம் குடும்பமாக நடந்து, அங்கேயுள்ள குகைகளையும் கல்வெட்டுக்களையும் அறிந்தவர் சொல்லக் கேட்டு, அங்கேயே பலகாரம் செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். கல் வெட்டுகிறவர்களின் வெடி மருந்துக்கு அந்தக் குன்றுகள் இரையாகிக்கொண்டிருந்த சமயத்தில் தொடங்கிய நடை அது. வேடிக்கை பார்க்கப் போன ஜனங்கள் காவல்காரர்களாக மாறினார்கள். மலையேறுவது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் ஒரு தடவை மதுரைக்குப் போய்வரலாம்.

வெயிலில் நடப்பதைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் ஊர் நடையொன்று நினைவுக்கு வராமற் போகாது. 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகிகள் சுமார் நூறு பேர் திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் இல்லத்திலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய 150 மைல் நடந்து, 28-ந் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். பங்குனி கடைசியும் சித்திரையும்! நாளொன்றுக்குப் பத்து மைல். அவர்களுக்கு "இல்லையேல்" என்ற சௌகரியம் இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தயங்குவானேன்?

கணக்கு விஷயத்தில் பெரியவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் மலை நடைக்கு ஒரு சூத்திரம் வகுத்தார். மூன்று மைல் நடைக்கு ஒரு மணி. அதன்மேல் 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னும் ஒரு மணி. குளிர்ந்த தேசத்தாரின் சூத்திரம். அதை அப்படியே திருச்சிக்குக் கொண்டுவந்தால் தாகத்துக்கு யார் பதில் சொல்லுவது? பெரியவர் கோடையில் அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுகிறார். குழந்தைகள் வந்தால் இன்னும் கால்பங்கு. தண்ணீரும் அதற்கேற்றபடி. இந்தக் கணக்கில் இறங்கிவர ஒன்பது மணிக்கு மேலாகும் என்று தெரிந்தால் அந்த மலை கோடையில் எங்களுக்கு மலையல்ல.

"மேலே போனால் குளிருமே, கொல்லிமலைக்குப் போவோம்" என்று சித்திரையில் மாணவர்கள் துடிப்பார்கள். நியாயந்தான். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஆறரை டிகிரி வெப்பம் குறைகிறது. 70 கொண்டையூசி வளைவுகளில் தலைசுற்றி மேலே போய்ச் சேர்ந்தால் காற்றே வேறு. ஆனால் கோடையில் காட்டு மலைக்கு இன்னொரு சத்துரு இருக்கிறான். அவன் பெயர் நெருப்பு.

2018-ம் வருஷம் மார்ச் 11-ந் தேதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், தேனி ஜில்லாவில் போடிக்கருகேயுள்ள குரங்கணி மலையில் நடந்ததைத் தமிழ்நாட்டில் மலையேறும் எவரும் மறக்கமாட்டார்கள். சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் வார விடுமுறைக்கு வந்திருந்த இளைஞர்களும் பெண்களும் இறங்கிவரும் வழியில், காய்ந்த புல் நிறைந்த சரிவில், காட்டுத் தீயில் அகப்பட்டுக்கொண்டார்கள். அன்றும் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிகளிலுமாக 23 பேர் மாண்டார்கள். எல்லாரும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்கள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள். சமவெளியில் எரியும் நெருப்பையும் சரிவில் எரியும் நெருப்பையும் ஒன்றாக எண்ணலாகாது. சூடான காற்று மேல் நோக்கி எழும்போது, மேலேயுள்ள புல்லை நெருப்பு தொடுவதற்கு முன்னமே அது உலர்த்தி வைத்துவிடுகிறது. ஆகவே ஏற்றத்தில் நெருப்பு வேகமாக ஓடும். மனிதனோ ஏற்றத்தில் மெதுவாகத்தான் ஓடுவான். காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டியதில்லை.

அதன் பிறகு அதே வருஷத்தில் காட்டில் மலையேறுவதற்குச் சர்க்கார் விதிகள் செய்தார்கள். அனுமதி பெறாமல் வனத்துக்குள் போகக் கூடாது; பாதைகளைச் சுலபம், நடுத்தரம், கடினம் என்று வகை பிரிப்பது; இப்படிப் பல. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளைத் திறந்து, வழிகாட்டிகளாக மலைவாழ் மக்களையே அமர்த்தினார்கள். 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரையில் நெருப்புக் காலம் என்று அந்தப் பாதைகளை மூடியும் வைத்தார்கள். இந்த மூடுதலைப் பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். "எதற்கெடுத்தாலும் தடை என்றால் இளைஞர்கள் காட்டை எப்போதுதான் பார்ப்பது?" என்பது மாணவர் கட்சி. "காடு அங்கேயே இருக்கும் தம்பி, நீயும் இருக்க வேண்டும்" என்பது பெரியவர் கட்சி. என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். தடை போடுவது சுலபம். எந்தச் சரிவு என்றைக்கு அபாயம் என்று தெரிந்த மலைவாசி ஒருவரைக் கூட அனுப்புவதுதான் கடினமான காரியம். அந்தக் கடினமான காரியத்தை ஆரம்பித்திருக்கிறார்கள். அது வளரட்டும், அதுவரையில் மாசி, பங்குனியில் எங்களுக்குக் கோயில் குன்றுகள் போதும்.

இனி மழைக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிட்டால் எங்கள் நெசவாளி நண்பருக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். குழித்தறியில் நீர் ஊறிவிட்டால் நெசவு நின்றுபோகும். நூலும் ஈரம் கோத்துக்கொள்ளும். "மழை பெய்தால் எனக்குக் கூலி இல்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அல்ல, எல்லாக் கிழமையும் மலைக்கு வரலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது உறையூர்த் தெருக்களில் பழகினவர்களுக்குத் தெரியும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியஞ்சோலைக்குப் போயிருந்தோம். கொல்லிமலையின் அடிவாரத்தில், திருச்சி ஜில்லாவின் வடமேற்கு மூலையில் உள்ள இடம். மேலே அறப்பளீசுவரர் கோயிலுக்கருகில் ஆகாய கங்கையாக விழுகிற அய்யாறுதான் இங்கே பாறைகளுக்கிடையில் சலசலத்துக்கொண்டு வருகிறது. இங்கிருந்து மலைமேல் செல்லும் பழைய ஒற்றையடிப் பாதையும் உண்டு. நாங்கள் அவ்வளவு தூரம் எண்ணவில்லை. ஆற்றைக் கடந்து நிழலில் சற்று நடந்துவிட்டுத் திரும்புவதென்று யோசனை. அடிவாரத்தில் வெயில் பளிச்சென்று அடித்தது. ஆனால் மலைமுடியைப் பார்த்தால், முடியே இல்லை, கருமேகம் மூடியிருந்தது.

பெரியவர் தண்ணீரின் ஓரத்தில், நனையும் நனையாத இடமாகப் பார்த்து, ஒரு வெள்ளைக் கல்லை வைத்தார். "கொஞ்சம் உட்காருங்கள்" என்றார். மாணவர்கள் முணுமுணுத்தார்கள். கால்மணி நேரத்தில் கல்லின் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. அதுவரையில் கண்ணாடி போலிருந்த தண்ணீரில் லேசாகச் செம்மண் கலந்திருந்தது. சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன.

"கணுக்கால் தண்ணீர்தானே தாத்தா! ஒரு நிமிஷத்தில் தாண்டிவிடலாம்" என்றான் ஒரு மாணவன்.

"போவதற்கு ஒரு நிமிஷம் போதும், தம்பி. திரும்பி வருவதற்கு?" என்று கேட்டுக்கொண்டே பெரியவர் எழுந்து பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார்.

மாமி பதினைந்து பேருக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதைப் பஸ் நிறுத்தத்திலேயே பிரித்தோம். பிறகு வெள்ளம் வந்ததா என்று கேட்கிறீர்களா? எங்களுக்குத் தெரியாது. நாங்கள் துறையூர் போகும் பஸ்ஸில் இருந்தோம். இந்தப் பதிலில் மாணவர்களுக்கு இன்றளவும் திருப்தியில்லை. கதை என்றால் வெள்ளம் வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. வெள்ளம் வந்த கதைகள் வேண்டுமானால் இருக்கின்றன. 2015 மே மாதத்தில் சதுரகிரியில் மலைமேல் திடீரென்று பெய்த மழையால் ஓடைகள் பெருகிப் பக்தர்களை அடித்துக்கொண்டு போயிற்று. கோடை மாதம், யாரும் எதிர்பார்க்கவில்லை. கீழே நிற்கிறவனுக்கு மேலே பெய்யும் மழை தெரியாது என்பதே இதில் உள்ள ஆபத்து. தண்ணீரின் நிறமும் சருகும் ஓசையுமே அவனுக்குக் கிடைக்கிற தந்தி.

குடையை மடக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசியிலும், அதற்கு முன்னால் ஆவணி, புரட்டாசி மாலைகளிலும், இங்கே இடி மழை அதிகம். மரஞ்செடியில்லாத பாறை உச்சியில் நிற்கிற மனிதனே அந்த இடத்தில் மிகவும் உயரமான வஸ்து. அவன் தலைக்குமேல் இரும்புக் காம்பு ஒன்றையும் தூக்கிப் பிடித்துக்கொண்டால் மின்னலுக்கு வழி சொல்லிக்கொடுத்தது போலாகும். மின்னல் தெரிந்ததும் பெரியவர் எண்ணத் தொடங்குவார். குழந்தைகளும் சேர்ந்து எண்ணும். ஒலி மூன்று வினாடியில் ஒரு கிலோமீட்டர் செல்லுகிறது. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே இறங்க வேண்டியதுதான். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் ஆகாமல் மறுபடி ஏறக் கூடாது. தனி மரத்தடியும் உதவாது. ஆழமில்லாத பாறைப் பொந்தும் உதவாது. சித்தன்னவாசலில் ஒரு தடவை குழந்தைகள் இருபத்திரண்டு வரையில் எண்ணினார்கள். அன்றைக்குச் சமணர் படுக்கைகளைப் பார்க்காமலே திரும்பினோம்.

எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள விசித்திரம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மழை பெய்யாமலே வெள்ளம் வருகிற ஊர் இது. ஆடியில் இங்கே வானம் நிர்மலமாக இருக்கும். குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டி, கிருஷ்ணராஜ சாகரமும் கபினியும் நிறைந்து, மேட்டூரும் நிறைந்து வழிந்தால், இரண்டொரு நாளில் முக்கொம்பில் காவேரியும் கொள்ளிடமும் கரை புரளும். 2018 ஆகஸ்டில் அப்படித்தான் வந்தது. 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. 22-ந் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது இடிந்து வீழ்ந்தன. கடந்த நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், 1830-களில், ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. இன்னொரு வகை வெள்ளமும் உண்டு. 1977 நவம்பரில் புயல் மழையால் கோரையாறும் குடமுருட்டியும் பெருகி உறையூர்த் தெருக்களுக்குள்ளேயே வந்தன. அந்தத் தண்ணீர் தங்கள் வீட்டுச் சுவரில் எதுவரை ஏறிற்று என்று கையை உயர்த்திக் காட்டாத கிழவர்கள் எங்கள் தெருவில் இல்லை. வருஷத்துக்கு வருஷம் கை சற்று உயர்ந்துகொண்டு போகிறதோ என்று எனக்கொரு சந்தேகம்.

ஆற்றில் வெள்ளம் என்றால் அம்மா மண்டபத்துப் படித்துறையை அடைத்துவிடுவார்கள். காவேரிப் பாலத்தின் மேல் திருவிழாக் கூட்டம் கூடும், போலீஸார் விரட்டிக்கொண்டேயிருப்பார்கள். அந்த வாரங்களில் ஆற்றங்கரை நடைகளை நாங்கள் விட்டுவிடுவோம்.

ஆனால் நடையை விடுவதில்லை. சாதாரணமாக, இடியில்லாத, நாள் முழுவதும் நச நசவென்று பெய்கிற மழை நாள் இருக்கிறதே, அது மலைக்கோட்டைக்கென்று ஏற்பட்டது. தாயுமானவர் சந்நிதிக்கு மேலே, உச்சிப்பிள்ளையாருக்குப் போகும் வழியில், மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த லலிதாங்குர பல்லவேசுவரம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுக் குகை. வழக்கமாக ஜனங்கள் பிள்ளையாரைப் பார்க்கும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். மழை நாளில் ஒதுங்குவதற்காகவாவது உள்ளே வருவார்கள். அங்கே கங்காதரமூர்த்தி, விரித்த சடையில் கங்கையை ஏற்றுக்கொண்டு நிற்கிறார். ஆகாயத்திலிருந்து இறங்கும் பெருந் தண்ணீரை ஒருவர் தலையில் வாங்கிக்கொள்ளும் காட்சியைப் பார்ப்பதற்கு வெளியே மழை பெய்யும் நேரத்தைவிடப் பொருத்தமான நேரம் எது? பூமியில் கோயில் கொண்டிருந்து கொண்டு சோழ நாட்டையும் காவேரியையும் நான் எப்படிப் பார்ப்பது என்று ஈசன் கேட்க, அதற்காகவே அரசன் மலைமேல் இந்த இடத்தை அமைத்தான் என்ற கருத்தில் அங்கே வடமொழிக் கல்வெட்டு ஒன்று உண்டு. பல்லவனுக்கும் நம்மைப் போலவே மேலேறி ஊரைப் பார்க்கும் ஆசை இருந்திருக்கிறது! மழைத்திரை சற்று விலகும் சமயத்தில், கீழே காவேரியும், அப்பால் தென்னஞ்சோலைக்கு மேல் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரமும் தெரியும். 236 அடி உயரமான அந்தக் கோபுரம் 1987-ல் பூர்த்தியானது. மகேந்திரவர்மன் பார்த்திருக்க முடியாது. அந்த வகையில் நமக்குத்தான் யோகம்.

மழை இன்னும் வலுத்தால் அந்த ராஜகோபுரத்தின் கீழேயே போய்விடுவோம். ஏழு பிராகாரங்களும் 156 ஏக்கர் விஸ்தீரணமும் கொண்ட கோயில். மண்டபம் மண்டபமாக நனையாமலே வெகு தூரம் நடக்கலாம். "இதுவும் மலையேற்றந்தானா?" என்று மாணவர்கள் கேலி செய்வார்கள். மாமி அவர்களை மணல்வெளிக்கும் நந்தவனத்துக்கும் சேஷராயர் மண்டபத்துக்குமாக மூன்று மணி நேரம் இழுத்தடித்துவிட்டு, "கால் வலிக்கிறதா, குழந்தைகளா?" என்று ஒன்றும் அறியாதவர்போல் விசாரிப்பார்.

எங்கள் வருஷத்தின் பெரிய யாத்திரை கார்த்திகை மாதத்தில். காலையில் குளித்தலைக் கடம்பவனநாதரையும், உச்சிப்பொழுதில் அய்யர்மலைச் சொக்கரையும், அந்தியில் அக்கரைத் திருஈங்கோய்மலை நாதரையும் ஒரே நாளில் தரிசிப்பது இந்தப் பக்கத்தின் பழைய வழக்கம். கார்த்திகைத் திங்கட்கிழமைகளில் விசேஷம். அய்யர்மலைக்கு 1,017 படி. அதையும் நடுப்பகலில் ஏறச் சொல்லியிருக்கிறார்களே என்று முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கார்த்திகை என்பதை யோசித்த பிறகு விளங்கிற்று. வருஷத்தில் நடுப்பகலில் அந்தப் படிகளில் கால் வைக்கக்கூடிய காலம் ஏறக்குறைய அதுதான். காலையில் ஆற்றங்கரையில் சமதரையில் கடம்பர். உடம்பு சூடேறியதும் பெரிய மலை. களைத்த கால்களுக்கு மாலையில் ஏறக்குறைய ஐந்நூறு படியுள்ள சின்ன மலை. எந்தச் சங்கத்துக் காரியதரிசியும் இதைவிடச் சிறப்பாகத் திட்டம் போட்டுவிட முடியாது. மழை மட்டும்தான் பாக்கி. முன்காலத்தில் ஆற்றைப் பரிசலில் கடந்திருப்பார்கள்; வெள்ளமென்றால் மூன்றாவது மலை இல்லை. இப்போது குளித்தலைக்கும் முசிறிக்கும் இடையில் நீண்ட பாலம் இருக்கிறது. அதனால் அந்தக் கஷ்டம் போயிற்று. ஈரமான படியில் வழுக்குவது மட்டும் போகவில்லை. அதற்காகப் பெரியவர் செருப்பைப் பற்றி ஒரு மாதத்துக்கு முன்னமே பிரசங்கம் ஆரம்பித்துவிடுவார்.

ஆடி மாதத்தில் இந்த மலைக்குப் போவதை நாங்கள் விட்டு வருஷங்கள் ஆகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கோயமுத்தூர், கரூர் வழியாகத் தடையின்றி ஓடிவருகிற மேல்காற்று, சமவெளியில் தனியாக நிற்கும் அய்யர்மலையில்தான் தன் பலத்தைக் காட்டும். அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் அந்தப் படிகளில் நின்று பார்த்துத்தான் சொன்னார்களோ என்னவோ. படியேற இயலாதவர்களுக்காக அங்கே ரோப் கார் அமைத்து, 2024 ஜூலையில், அதாவது சரியாக ஆடியில், திறந்துவைத்தார்கள். மறுநாளே பலத்த காற்றில் அது பாதி வழியில் நின்றுபோயிற்று. உள்ளே இருந்த பெண்கள் அந்தரத்தில் தவித்து, பிறகு பத்திரமாக மீட்கப்பட்டார்கள். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது பெரிய உபகாரமான ஏற்பாடு என்பதில் ஆட்சேபணையில்லை. ஆனால் மலைக்கு வந்தவர்கள் ஆகாயத்தை அண்ணாந்து பார்ப்பது போல், இயந்திரத்தை ஓட்டுகிறவர்களும் ஓட்டுவதற்கு முன்னால் பார்த்தாக வேண்டும்.

இந்தக் கார்த்திகைக்கு மறுபடியும் மூன்று மலையும் போவதாக உத்தேசம். மாமிக்கு முழங்கால் வலி சற்று அதிகமாகியிருக்கிறது. கார்த்திகையில் காற்று அவ்வளவாக இராது என்றும், அவர் மாத்திரம் ரோப் காரில் மேலே வந்துவிடலாம் என்றும் பெரியவர் சொல்லிப் பார்த்தார்.

"கம்பியிலே காயறதுக்கு நான் என்ன ஈரத் துணியா?" என்றார் மாமி. "நீங்க எல்லாரும் முன்னாலே போங்கோ. நான் மெதுவா வந்து சேர்ந்துக்கறேன். புளியோதரை என் கையிலேதானே இருக்கு!"